ஏழு மாத அந்நியர்

வியாழக்கிழமை காலை நிதர்சனின் மின்னஞ்சல் பெட்டி அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

திரையில் நான்கு வரிகள்தான் இருந்தன. அரையாண்டுச் சரிபார்ப்பு முடிந்தது. உங்கள் கணக்கில் ஏழு மாதமாக ஓர் அந்நியர் புகுந்து எழுதிவருகிறார். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் உரியவர் தம்மை நிரூபிக்காவிட்டால், உரியவரின் நலன் கருதிக் கணக்கிலுள்ள எல்லாக் கடிதங்களும் அழிக்கப்படும். நன்றி.

நிதர்சன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு குளிக்கப் போனான். இரண்டாவது செம்புத் தண்ணீர் தலையில் விழும்போதுதான் ஏழு மாதம் என்பது உறைத்தது.

கடவுச்சொற்கள் ஒழிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இப்போது எல்லாருக்கும் மொழிரேகை. கைரேகை மாதிரிதான், விரலுக்குப் பதில் எழுத்து. ஒருவர் எந்த இடத்தில் காற்புள்ளி வைப்பார், கோபம் வந்தால் வாக்கியம் எவ்வளவு குட்டையாகும், எத்தனை கடிதத்துக்கு ஒருமுறை வெயிலைத் திட்டுவார் என்றெல்லாம் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். யாரும் திருட முடியாத சாவி என்று விளம்பரம் செய்தார்கள்.

நிதர்சனின் சாவியில் ஒரே ஒரு குறை. அது அவனுடையதல்ல. அவன் பெயரில் ஆறு வருடம் கடிதம் எழுதியவள் அவன் மனைவி தாரணி. ஏழு மாதத்துக்கு முன் அவள் இறந்துபோனாள். டெங்கு. ஐந்து நாள். அதற்குப் பிறகு அவன் கடிதங்களை அவனே எழுதினான். பெட்டி கண்டுபிடித்துவிட்டது.

உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்கள் இருந்தன. தாரணி என்று முடிகிற கடிதம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் 'இப்படிக்கு, நிதர்சன்'. ஆனால் அவள் எழுதிவைத்துவிட்டுப் போனது அவ்வளவும் அதற்குள்தான் இருந்தது. ஏழு மாதமாக அவன் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. இருக்கட்டும், பிறகு படிக்கலாம் என்று விட்டிருந்தான்.

இப்போதைக்குப் படிக்க மட்டும் முடியும். பிரதி எடுக்க முடியாது. திரையைப் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினால் திரை கறுத்தது. இறக்கினால் வெளுத்தது. அரை மணி நேரம் தூக்கியும் இறக்கியும் பார்த்தான்.

வேறொரு வழி இருந்தது. கணினிக்குள் வைரஸ் புகுந்து அவன் பெயரில் எழுதியிருந்தால், அதைத் துடைத்துவிட்டுக் கணக்கைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதற்கு உரிமம் பெற்ற சோதகர் வீட்டுக்கு வந்து சான்றிதழ் தர வேண்டும். நிதர்சன் விண்ணப்பித்தான். என் கணினியில் வைரஸ் இருக்க வேண்டும் என்று கோயம்புத்தூரில் வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதகர் வந்தார். பெயர் ரிஸ்வானா. வீடு உக்கடத்தில். நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தவர், தண்ணீர் குடிக்கும்போது மட்டும் நிறுத்தினார்.

"கடைசியா எப்ப சார் சந்தேகமான லிங்க் எதையாவது அமுக்குனீங்க?"

"நான் எதையும் அமுக்குறதில்ல."

"வேலை?"

"பம்ப் கம்பெனி. தரச் சோதனை."

"அட, நம்ம ஜாதி. நீங்க பம்புக்கு, நான் பொட்டிக்கு." ரிஸ்வானா தன் கருவியைக் கணினியில் செருகினார். "தானா ஓடற புரோகிராம் எல்லாத்தையும் மொதல்ல வரிசையா நிக்க வெப்போம். யாரு வீட்டாளு, யாரு வேத்தாளுன்னு தெரிஞ்சிரும்."

நிற்க வைத்தார். மூன்று வைரஸ் தடுப்பான்கள் இருந்தன. மூன்றும் ஒன்றையொன்று வைரஸ் என்று பிடித்து அடைத்துவைத்திருந்தன.

"மூணு மாமியாரு, ஒரே சமையக்கட்டு," என்றார் ரிஸ்வானா. "வேற திருடன் வந்திருந்தாலும் பயந்து ஓடியிருப்பான்."

தினமும் காலை கன்னி ராசிக்குப் பலன் சொல்லும் ஒரு புரோகிராம் இருந்தது. நிதர்சன் மேஷம். அதை விட்டுவிடச் சொன்னான். ரிஸ்வானா விட்டுவிட்டார். பன்னிரண்டரை மணிக்கு நாற்காலியைத் திருப்பினார்.

"சந்தோசமான சேதி சார். சுத்தமா இருக்கு."

"நல்லா பாருங்க."

"பாத்துட்டேன் சார்."

"மறுபடி பாருங்க."

"சார், இல்லைன்னு சொன்னா எல்லாரும் காபி குடுப்பாங்க. நீங்க என்னமோ பரீட்சையில ஃபெயிலான மாதிரி நிக்கறீங்க." அவருக்கே பாவமாகிவிட்டது. "சரி, பெட்டிக்கு வர்ற மெயிலை யாராவது களவா வேற எடத்துக்குத் திருப்பி விட்டிருக்காங்களான்னு ஒண்ணு பாக்கணும். ஹேக் பண்றவன் மொதல்ல செய்யற வேலை அதுதான்."

இரண்டு நிமிடம் கழித்து மேசையைத் தட்டினார்.

"புடிச்சிட்டேன்!"

நிதர்சன் எழுந்தே விட்டான்.

"காங்கேயத்துல இருந்து வர்ற ஒவ்வொரு மெயிலும் இன்னொரு போனுக்குக் காப்பி போகுது. அந்த போன்ல இருந்துதான் பதிலும் போயிருக்கு. காங்கேயத்துக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். ஏழு மாசம் என்ன சார், ஆறு வருஷமா உள்ள உக்காந்திருக்காங்க! போன் தாரணிங்கற பேருல இருக்கு. யாரு சார் அது?"

நிதர்சன் உட்கார்ந்தான். "என் மனைவி."

"அடச்சே. கூப்புடுங்க சார், ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன்."

"இறந்துட்டா."

ரிஸ்வானா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "எப்ப சார்?"

"ஏழு மாசம்."

ரிஸ்வானா திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அப்ப அந்த அந்நியரு..."

"நான்தான்."

பிறகு அவனே போய்க் காபி போட்டான். அதைக் குடித்துக்கொண்டே ரிஸ்வானா கேட்டார். அவன் சொன்னான். ஏழு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும்.

தாரணி வீட்டுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம். அவள் அப்பா நாகமாணிக்கத்துக்குக் காங்கேயத்தில் கொப்பரை உலர்த்தும் தேங்காய்க் களம். சேதி கேட்டதும் அவர் நேராகச் சிவன்மலைக்குப் போய்ப் படியில் நின்று, இனி என் வீட்டில் யாரும் மகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது, அவள் எழுதிய ஒரு வரியும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாமி முன்னால் சொன்ன சொல். ஆனால் மருமகனைப் பற்றி ஒன்றும் சொல்ல மறந்துவிட்டார். எனவே நிதர்சன் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று தாரணி முடிவு செய்தாள். அவன் எழுதினான். 'மதிப்பிற்குரிய ஐயா, நேற்று உங்கள் மகளுடன் திருமணம் முடிந்தது. தகவலுக்காக.'

அனுப்பும் முன் தாரணி அதைப் படித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். திருப்பித் தரவே இல்லை.

"அப்ப ஆபீஸ் மெயிலு?"

"அவதான். நான் விஷயம் சொல்வேன்."

ரிஸ்வானா அனுமதி கேட்காமல் ஒரு பழைய கடிதத்தைத் திறந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதியது. 'நம் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் தினமும் பத்து நிமிடம் தியானம் செய்கிறது. அதன் ஆன்மிகத்தை மதிக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நாட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நலம்.'

ரிஸ்வானா சிரித்தார். நிதர்சன் சுவரைப் பார்த்தான். இந்தக் கடிதத்துக்காக அவனைச் சங்கச் செயலாளராக்கப் பார்த்தார்கள். நேரில் வந்து அவன் 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் மறுத்தபோது எல்லாரும் ஏமாந்து போனார்கள்.

"உரியவரு நீங்கதான்னு நிரூபிக்க மூணு வாய்ப்பு தர்றான் சார்," என்றார் ரிஸ்வானா. "சமீபத்துல சாப்ட்டதைப் பத்தி நண்பருக்கு ஒரு கடுதாசி. அவங்க மாதிரி எழுதிட்டீங்கன்னா முடிஞ்சுது. ஆறு வருஷம் கூட இருந்திருக்கீங்க."

நிதர்சன் எழுதினான். 'இட்லி. இரண்டு. பரவாயில்லை.'

உரியவருடன் பொருத்தம்: நான்கு விழுக்காடு. அந்நியருடன் பொருத்தம்: தொண்ணூற்றொன்பது.

"சார், கொஞ்சம் விரிவா."

இரண்டாம் முறை அவன் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டான். 'நண்பா, இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டேன். அவை நிலா போல இருந்தன. ஆனால் நிலாவைச் சாப்பிட முடியாது. ஹா ஹா.'

பதினொரு விழுக்காடு. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: 'நகைச்சுவை முயற்சி பதிவு செய்யப்பட்டது.'

மூன்றாம் முறை ரிஸ்வானாவே எழுதினார். இருபத்து மூன்று வந்தது. "உங்களவிட நான் உரியவரு சார்," என்றார். அத்தோடு வாய்ப்புகள் முடிந்தன. மணி மூன்று.

மிஞ்சியது குறைதீர்ப்பு அலுவலர். திரையில் ஒரு கனிந்த குரல் வந்தது. மனிதரா, இயந்திரமா என்று தெரியவில்லை. நிதர்சன் உள்ளதைச் சொன்னான்.

"ஆழ்ந்த இரங்கல்கள்," என்றது குரல். "அப்படியானால் இந்தக் கணக்கின் உரியவர் உங்கள் மனைவி. நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வாரிசு என்ற முறையில் கணக்கைப் படிக்கும் உரிமையை உங்களுக்குத் தரலாம். கடிதங்கள் அழியா. இறப்புச் சான்றிதழும் ஓர் ஒப்புதலும் போதும்."

"சரி."

"ஒப்புதல் தந்ததும், கடிதம் பெற்ற இருநூற்றுப் பதினான்கு பேருக்கும், இவை நிதர்சன் எழுதியவை அல்ல, தாரணி எழுதியவை என்று அறிவிப்புப் போகும். ஏமாந்தவர்களுக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை."

நிதர்சன் பட்டியலைப் பார்த்தான். மேலாளர் இருந்தார். கம்பெனியில் 'தெளிவான அறிக்கைகளுக்காக' என்று அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தவர். அது பரவாயில்லை. பட்டியலின் தலையில் நாகமாணிக்கம், காங்கேயம்.

"இவரு?" என்றார் ரிஸ்வானா.

"மாமனார்."

கடிதங்கள் போக ஆரம்பித்த இரண்டாம் வருடம் மாமனார் ஒரு மூட்டைத் தேங்காயோடு இந்த வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்றார். தாரணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்குன்னு சொல்லுங் மாப்ள" என்றார். மூவரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் மாதம் ஒருமுறை வந்தார். கடைசிவரை அப்படித்தான். மகளோடு பேசவில்லை. மகள் எழுதிய வரியைப் படிக்கவில்லை. மாப்பிள்ளையின் எழுத்துக்கு மயங்கித்தான் மனம் இறங்கினேன் என்று களத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தாரணி தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு உள்ளே இருந்தாள்.

"அவருக்கு நோட்டீஸ் போனா?"

"சாமி முன்னால சொன்ன சொல் உடைஞ்சதா ஆயிடும். ஏமாத்தினதா ஆயிடும்."

"சொல்லலைன்னா கடுதாசி போயிரும். சொன்னா மாமனாரு போயிருவாரு." ரிஸ்வானா கடிகாரத்தைப் பார்த்தார். "நோட்டீஸுக்கு முந்தி நீங்களே சொல்லிருங்க சார். வையறதா இருந்தா நேரா வைவாரு."

நிதர்சன் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டான்.

"சொல்லுங் மாப்ள!" பின்னால் லாரி உறுமியது. "சாப்ட்டீங்ளா?"

"சாப்பிட்டேன் மாமா. ஒரு விஷயம். அந்தக் கடிதமெல்லாம் நான் எழுதல."

"எந்தக் கடுதாசிங்?"

"எல்லாம். முதல் நாள்ல இருந்து. தாரணிதான் எழுதினா."

"வண்டிய ஆஃப் பண்றா!" என்று மாமனார் யாரையோ கத்தினார். லாரி நின்றது. "மறுக்காச் சொல்லுங்."

சொன்னான்.

"அப்ப சிவன்மலையில நான் சொன்ன சொல்லு?"

"மறுநாளே போச்சு மாமா."

ரிஸ்வானா துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது. "நானும் ஒண்ணு சொல்லோணுங். எனக்கும் நேத்து ஒரு நோட்டீசு வந்துது. என்ர பொட்டிக்குள்ளயும் ஏழு மாசமா எவனோ பூந்து எழுதறானாமா. நானும் நேத்துப் புடிச்சுக் களத்து ஆளுக ஒவ்வொருத்தனையா நிக்க வெச்சு வெசாரிச்சுட்டு இருக்கறேன். ரெண்டு பேரு அழுதே போட்டானுக."

நிதர்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா. எனக்கு வந்த பதிலெல்லாம் யார் எழுதினது?"

"அது வந்துங்..."

"சொல்லுங்க மாமா."

"எனக்கு எழுத என்னங் தெரியும்? காய் வந்துது, லோடு போச்சு, அவ்வளவுதானுங். மாப்பிள்ளை எழுதியிருக்காரு, பதில் போடாட்டி மருவாதி இல்லைன்னு உங்கத்தை சொன்னா. நீயே போட்டுக்கோன்னு உட்டுட்டேன். வர்றதையும் அவதான் படிச்சுக் காட்டுவா. நான் திண்டுல சாஞ்சுட்டுக் கேப்பேன்." ஒரு செருமல். "பொண்ணு போனதுக்கப்பறம் அவ பொட்டியவே தொடலைங். நான்தான் ஒரு வெரல்ல தட்டிட்டு இருக்கறேன்."

ரிஸ்வானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறேதுமா என்று தெரியவில்லை.

"அத்தைகிட்ட குடுங்க மாமா."

அத்தை வசந்தாமணி பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும். உடனே வந்தார்.

"சொல்லுங்க மாப்ள."

"உங்களுக்குத் தெரியுமா அத்தை? எழுதுறது அவதான்னு?"

"ரெண்டாவது கடுதாசியிலயே தெரியுமுங்க. 'மாமா, அத்தை வைக்கற கொள்ளுப்பருப்புக்குப் பூண்டு தட்டிப் போடணுமா, அரிஞ்சு போடணுமா'ன்னு இருந்துது. எந்த மாப்பிள்ளை மாமனாருகிட்ட அதைப் போயிக் கேப்பான்?"

"நீங்கதான் பதில் எழுதறீங்கன்னு அவளுக்கு?"

"'தட்டித்தான் போடோணும், பத்து வருசம் சொல்லியும் உனக்கு மண்டையில ஏறல'ன்னு எழுதினேன். அது மாமனாரு எழுதற எழுத்தாங்க?"

நிதர்சன் மனதுக்குள் கணக்குப் போட்டான். இரண்டு ஆண்களின் பெயரைப் போட்டுக்கொண்டு, ஒரு தாயும் மகளும் ஆறு வருடம் ஒரு நாள் விடாமல் பேசியிருக்கிறார்கள். நடுவில் அவனும் மாமனாரும் தபால் பெட்டிகளாக நின்றிருக்கிறார்கள். தாரணி இதை அவனிடம் சொல்லவே இல்லை. ஏன் என்று யோசித்தான். அவன் கேட்டதில்லை.

"அதெல்லாம் அழிச்சுப்போடுவாங்களாமா?" என்றார் அத்தை.

"அஞ்சு மணிக்கு. ரெண்டு பக்கமும். நீங்கதான் எழுதினீங்கன்னு மாமா ஒத்துக்கணும். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் போகும்."

"போகட்டுங்!" என்று மாமனார் தூரத்திலிருந்து கத்தினார். "எந்தப் பொத்தானுங்? எவ்வளவு அமுக்கோணும்?"

நாலு நாற்பதுக்குக் காங்கேயம் ஒப்புக்கொண்டது. ஒரு நிமிடம் கழித்துக் கோயம்புத்தூர் ஒப்புக்கொண்டது. இருநூற்றுப் பதினான்கு பேருக்கு அறிவிப்புப் போனது. மேலாளர் கைபேசியில் உடனே எழுதினார்: 'நினைத்தேன்.' குடியிருப்போர் சங்கத்திலிருந்து, 'அப்படியானால் லிஃப்டைப் பற்றி இனி யார் எழுதுவார்?' என்று கேட்டிருந்தார்கள்.

திரையில் பெட்டி திறந்தது. மேலே இருந்த அவன் பெயர் அழிந்து, அந்த இடத்தில் தாரணி என்று வந்தது. நாலாயிரத்துச் சொச்சமும் இருந்தன.

ரிஸ்வானா சான்றிதழை நிரப்பிக்கொண்டிருந்தார். "கடைசிக் கேள்வி சார். 'அந்நியர் அகற்றப்பட்டாரா?' என்ன போடட்டும்?"

"என்ன போடணுமோ போடுங்க."

"'வீட்டிலேயே இருக்கிறார், தொந்தரவில்லை'ன்னு போட்டுடறேன்." செருப்பை மாட்டும்போது திரும்பினார். "மூணு மாமியாருல ரெண்டை எடுத்துட்டேன் சார். ஒண்ணு போதும்."

அவர் போன பிறகு போன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருப்பதை நிதர்சன் கவனித்தான்.

"அத்தை?"

"இருக்கறேன் மாப்ள. ஒண்ணு கேக்கலாமாங்க?"

"ம்."

"அந்த அஞ்சு நாள்ல அவ என்ன கேட்டா, என்ன பேசினா, என்ன சாப்ட்டா, ஒண்ணும் நீங்க சொன்னதில்லீங்க. நானும் கேக்கல."

"சொல்றேன் அத்தை."

"போன்ல வேண்டாமுங்க. போன்ல நீங்க 'ம்'னு சொல்லிப்போட்டு வெச்சிருவீங்க. எழுதுங்க."

வைத்துவிட்டார்.

பழைய பெட்டியில் இனி யாரும் எழுத முடியாது. புதிய கணக்கு ஒன்றை நிதர்சன் தொடங்கினான். உங்கள் சொந்த மொழிரேகையைப் பதிவுசெய்ய, யாருக்காவது குறைந்தது நூறு சொல்லில் ஒரு கடிதம் எழுதவும் என்றது திரை.

'அத்தைக்கு,' என்று எழுதினான். சொல் எண்ணிக்கை ஒன்று என்று திரை காட்டியது.

'முதல் நாள் காய்ச்சலோடு ரவா உப்புமா செய்தாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. உப்பு அதிகம். நான் சொல்லவில்லை. அவளே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டாள்.' நிறுத்தினான். அழித்துவிடலாமா என்று பார்த்தான். அழிக்கவில்லை. இரண்டாம் நாளுக்குப் போனான். மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் அவள் கிளிமூக்கு மாங்காய் கேட்டாள். மிளகாய்த்தூள் தூவி, பத்தை போட்டு. நர்ஸ் கூடாது என்றார். டாக்டர் கூடவே கூடாது என்றார். அவன் வெளியே போனான்.

நூறு சொற்கள் ஆகிவிட்டன, பதிவு முடிந்தது, நிறுத்திக்கொள்ளலாம் என்று திரை சொன்னது. சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னது. நிதர்சன் அதை ஓரமாகத் தள்ளிவைத்தான். பம்ப் அளக்கும் கருவிப் பெட்டிக்குள் மாங்காயை வைத்து, காவலாளி கேட்டதற்கு அழுத்தமானி என்று சொல்லி, நான்கு மாடி ஏறிப் போன கதைக்கு அவன் இன்னும் வரவில்லை.